புழுதியில் விதைத்த முனிவர்



எட்டயபுரத்துக் கரிசலில் வாழும் உமக்குப் புழுதி விதைப்பைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் மழை விழுமுன்பே, காய்ந்து கிடக்கும் மானாவாரி நிலத்தில் நம் சம்சாரி விதையைத் தூவிவிட்டு வருகிறார். வானத்தில் ஒரு கீற்று மேகமும் இராது. விதை எறும்புக்கும் குருவிக்கும் இரையாகலாம். ஆயினும் மழையைக் கண்ணால் கண்ட பிறகே விதைப்பேன் என்று காத்திருப்பவன் நிலத்தில் காலை வைக்க முடியாமல் திகைப்பான். கரிசல் அதற்குள் சேறாகியிருக்கும், பருவமும் தப்பிவிடும்.

சர்வேசுரனை நம்பி வாழ்வதும் இப்படிப்பட்டதே. இதை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் ஊருக்குச் சமீபத்திலேயே தம் ஊழியத்தைத் தொடங்கினார். அவர்தாம் வீரமாமுனிவர். தமிழ்ப் புலவராக அவரை நீர் அறிவீர். விசுவாசமுள்ள ஒரு மனிதராகவும் அவரை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

இத்தாலி நாட்டில், அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த அதே கஸ்திலியோனே என்னும் ஊரில், 1680-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி அவர் பிறந்தார். கொன்ஸ்டான்சு சூசை பெஸ்கி என்பது அவருடைய பெயர். 1698-ல் சேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710-ல் கோவாவில் வந்து இறங்கினார். அங்கிருந்து மலையாள நாட்டு அம்பலக்காடு வழியாகக் கால்நடையாய் நடந்து, 1711-ல் காமநாயக்கன்பட்டி வந்து சேர்ந்தார். கோவில்பட்டிக்கு அப்பால் இருக்கும் அவ்வூர் அக்காலத்தில் எட்டயபுரம் பாளையத்தைச் சேர்ந்தது. ஆகஸ்டு 15-ந் தேதி பரலோக மாதா திருவிழாவுக்கு நீர் போய்வரும் அதே ஊர்தான்.

வந்தவுடன் அவர் கண்களுக்குத் தெரிந்தது என்ன? பாஷை தெரியாது. வெயிலோ கொடியது. கிறிஸ்தவர்கள் ஏழைகள், அங்கங்கே சிதறி வாழ்ந்தவர்கள். பாளையக்காரர் ஒருவர் தயவு காட்டினால் மற்றொருவர் விரட்டுவார். அதே மதுரை மிஷனில் உழைத்த அருளானந்தர் சுவாமி 1693-ல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மரித்துப் பதினெட்டு வருஷமே ஆகியிருந்தது. கண்ணால் கண்டதை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால், அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருக்க வேண்டியவர் அவர்.

அவரோ தமிழ் நெடுங்கணக்கைக் கையில் எடுத்தார்.

மூன்று வருஷத்துக்குள் சோதனை வந்தது. 1714, 1715-ம் வருஷங்களில் எழுந்த கலாபனையில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அது நிறைவேறவில்லை. அவர் உயிர் தப்பினார். இங்கே, வாசகரே, சற்று நின்று யோசித்துப் பாரும். அருளானந்தர் மேல் வாள் விழுந்தது, இவர்மேல் விழவில்லை. இருவரும் நம்பினது ஒரே சர்வேசுரனைத்தான். ஆகையால் நம்பிக்கை என்பது ஆபத்து நிச்சயமாய் விலகும் என்னும் உறுதிச்சீட்டு அல்ல. வாள் விழுந்தாலும் விழாவிட்டாலும் நாம் தேவ பராமரிப்புக்குப் புறம்பே போய்விடவில்லை என்று அறிந்திருப்பதே நம்பிக்கை.

தப்பிய உயிரை அவர் வீணாக்கவில்லை. தமிழ் நாட்டுத் துறவியின் கோலத்தில் ஊர் ஊராய் நடந்தார்; இலக்கணமும் இலக்கியமும் கற்றார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும், கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் கோயில் எடுப்பித்தார். இத்தனை அலைச்சலுக்கும் நடுவே, 1726-ம் வருஷத்தையொட்டி, 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடி முடித்தார்.

அந்தக் காவியத்துக்குத் தலைவராக அவர் யாரைத் தெரிந்துகொண்டார்? தம் ஞானஸ்நானப் பெயருக்கு உரியவரான அர்ச். சூசையப்பரை. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தையும் பேசாதவர் அவர். சொப்பனத்தில் கட்டளை பெற்றார், எழுந்தார், கீழ்ப்படிந்தார். எஜிப்து தேசத்தில் எங்கே தங்குவது, எத்தனை நாள் இருப்பது என்று முன்னதாக ஒன்றும் தெரியாது. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவிலேயே புறப்பட்டார். சேசுநாதர் பிரசங்கித்ததையோ உயிர்த்ததையோ அவர் பார்த்ததாக எங்கும் எழுதப்படவில்லை. விளைவைக் காணாமலே வேலையை முடித்தவர் அவர். முனிவரின் மனம் அவரிடம் போய்த் தங்கியது ஆச்சரியமல்ல.

முனிவருடைய முடிவும் அவ்வாறே ஆயிற்று. 1741-ல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தார்கள். அவருக்கு ஆதரவாயிருந்த சந்தா சாகிபு சிறைப்பட்டார். யுத்தத்தால் நாடு கலங்கிற்று. வயது சென்ற முனிவர் தெற்கே வந்து, நமது முத்துக்குளித்துறையில் மணப்பாட்டிலும் ஊழியம் செய்தார். பின்பு, தாம் வந்த வழியிலிருந்த அந்த அம்பலக்காட்டிலேயே 1747-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி மரித்தார். அருளானந்தர் வேதசாட்சியாய் மரித்ததும் ஒரு பிப்ரவரி 4-ந் தேதிதான்.

அவர் மரித்து 26 வருஷத்தில், 1773-ல், சேசு சபையே கலைக்கப்பட்டது. தேம்பாவணியோ அவர் காலத்தில் ஏட்டிலேயே கிடந்தது; அச்சேற நூறு வருஷத்துக்கு மேல் சென்றது. அன்று பார்த்தவர்கள், எல்லாம் பாழாயிற்று என்றே எண்ணியிருப்பார்கள். புழுதியில் விழுந்த விதை வெளியே தெரிவதில்லை அல்லவா?

இன்று காமநாயக்கன்பட்டியில் மணி அடிக்கிறது. ஏலாக்குறிச்சிக்கும் கோணான்குப்பத்துக்கும் ஜனங்கள் திரள் திரளாய்ப் போகிறார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெளிவாய்த் தெரியும்படி எழுத்தைச் சீர்திருத்தியவரும் அவரே. ஆகவே இந்தப் பக்கத்தில் நீர் வாசிக்கும் ஒவ்வொரு இரட்டைக் கொம்பும் அவர் விதைத்து முளைத்ததுதான்.

வாசகரே, உமது வீட்டிலும் வறட்சி இருக்கலாம். கடன் தீராமல் இருக்கலாம். படுக்கையிலிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காமல் இருக்கலாம். வெளியூருக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து ஒரு சேதியும் வராமல் இருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை நம்பிக்கை என்று நினையாதேயும். மருந்து வாங்கும், கடனில் கொடுக்க முடிந்ததைக் கொடும், மகனுக்கு நீரே முதலில் சேதி அனுப்பும். அது உமது விதைப்பு. மழையை அனுப்புவது சர்வேசுரனுடைய வேலை. அது உமது காலத்தில் பெய்யலாம். உமது பேரப்பிள்ளைகள் காலத்திலும் பெய்யலாம்.

இன்றிரவு குடும்பமாய் ஜெபமாலை சொல்லி முடிக்கும்போது, உம் கண்ணுக்கு வழி தெரியாத காரியம் ஒன்றை அர்ச். சூசையப்பர் கையில் ஒப்புவியும். பிறகு நிம்மதியாய்த் தூங்கும். விடிந்ததும் எழுந்து, உமது வேலையைப் பார்க்கப் புறப்படும்.