பாரதியும் கருத்துப்படக் கலையும்: காட்சிப்படுத்தல் நோக்கில் ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

இதழ்களில் வெளிவந்த அங்கதச் சித்திரங்களை அருங்காட்சியகங்களில் காட்சிப்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. இலண்டனில் 1841இல் தோன்றிய ‘பஞ்ச்’ இதழின் ஓவியங்கள் இன்று கலைப்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. தமிழில் அத்தகைய காட்சி அமைக்கப்படுமாயின், அதனை 1926இல் பிறந்த ஆனந்த விகடனிலிருந்து தொடங்குவது போதாது. 1906இல் தோன்றிய ‘இந்தியா’ வார இதழிலிருந்தே தொடங்க வேண்டும். அவ்விதழை நடத்திய சி. சுப்பிரமணிய பாரதியின் வாழ்வைக் கருத்துப்படத்தின் வழியே நோக்கி, அப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட வேண்டிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இதழாசிரியர் பாரதி

1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியபின், எட்டயபுரம் அரண்மனையிலும் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் சிறிது காலம் பணியாற்றினார். 1904ஆம் ஆண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். அங்குத் தம் அரசியல் கருத்துகளை விரும்பியவாறு வெளியிட அவருக்கு வாய்ப்பில்லை. 1906 மே மாதம் மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவில் தொடங்கப்பெற்ற ‘இந்தியா’ அவ்வாய்ப்பை நல்கியது.

வங்கப் பிரிவினையும் சுதேசியமும் நாட்டைக் கிளர்ந்தெழச் செய்திருந்த காலம் அது. எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. இச்சூழலில் அரசியல் கருத்துப்படத்தைத் தமிழ் இதழியலில் நிலைபெறச் செய்தது ‘இந்தியா’. அந்நியத் துணி மறுப்பு, நாட்டின் செல்வம் அயல்நாட்டுக்குச் செல்லுதல், பஞ்சம், மிதவாதிகளின் தயக்கம் ஆகியவை அதன் படங்களுக்குப் பொருளாயின. பாரதி ஓவியர் அல்லர். எனினும் படமும் அதற்குரிய விளக்கவுரையும் அவர் நடத்திய இதழின் அரசியற் குரலாகவே ஒலித்தன.

அங்கதமும் ஒறுத்தலும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தும். ‘இந்தியா’வின் பக்கத்தில் இவ்விரண்டும் அருகருகே இடம்பெற்றன எனலாம். படம் விலங்காகவும் உருவகமாகவும் பழியைக் கரந்து நிற்க, விளக்கவுரை அதனை வெளிப்படையாக உரைத்தது. எழுத்தறியாதாரும் படத்தைக் கண்டு, பிறர் படிக்க விளக்கத்தைக் கேட்டுத் தெளிவதற்கு இவ்வமைப்பு இடந்தந்தது.

இவ்வங்கதத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1908இல் ‘இந்தியா’வின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன் கைதாகித் தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. ஆங்கிலேய இந்தியாவுக்குள் அது நுழைவதற்குத் தடை விதிக்கப்பட்டமையால் 1910 மார்ச்சில் நின்றது. முழுவதும் சித்திரங்களாலேயே அமையும் ‘சித்ராவளி’ என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட அவர் திட்டமிட்டார், அது நிறைவேறவில்லை. 1918இல் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கைதாகி விடுதலை பெற்ற அவர், 1920இல் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்து, 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைந்தார்.

முடிவுரை

ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் தொகுத்தளித்த ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்னும் நூல் இத்துறை ஆய்வுக்கு அடிப்படையாகும். எட்டயபுரம், திருவல்லிக்கேணி, புதுச்சேரி ஆகிய இடங்களிலுள்ள பாரதி நினைவில்லங்கள் இப்படங்களுக்குரிய இயல்பான காட்சிக்களங்கள். ஆயினும், படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கிச் சட்டமிடுவது தகாது. அவ்வாறு செய்யின் பழிகரப்பு எஞ்சும், செம்பொருள் மறையும். நூறாண்டு கடந்த அரசியற் குறிப்புகள் இன்றைய பார்வையாளருக்குப் புலப்படா. பாரதியும் தலைப்பாகை அணிந்த கவிஞராக மட்டுமே நினைவில் நிற்பார். ஆகவே விளக்கவுரையும் இதழின் நாளும் சேர்ந்த முழுப் பக்கமே காட்சிப்பொருளாதல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவாகும்.