போய் ஆடுவதா, புறக்கணிப்பதா? நிறவெறி நாட்டில் டென்னிஸ் ஆடிய ஆர்தர் ஆஷ்... யார் இவர்?

மனித உரிமைப் புகார்கள் உள்ள ஒரு நாட்டில் உலகக் கோப்பையோ ஒலிம்பிக்கோ நடக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கிளம்பும். அங்கே போய் விளையாடலாமா, கூடாதா? போனால் அந்த அரசுக்கு நற்சான்று கொடுத்த மாதிரி ஆகிடும்னு ஒரு தரப்பு சொல்லும். போனால்தான் உள்ளே நடக்கிறது வெளியே தெரியும்னு இன்னொரு தரப்பு சொல்லும்.

இந்த இரண்டு பதில்களையும் தன் வாழ்க்கையிலேயே சொல்லிப் பார்த்தவர் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ். அமெரிக்க ஓபன் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். நியூயார்க்கில் இறுதிப்போட்டி நடக்கும் பிரமாண்ட மைதானத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பூங்காவுக்குள் வளர்ந்த பையன்

1943 ஜூலை 10-ம் தேதி வர்ஜீனியா மாகாணத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார் ஆஷ். 6 வயதில் அம்மாவை இழந்தார். கறுப்பினத்தவர்களுக்கான பூங்கா ஒன்றைப் பராமரிப்பது அப்பாவின் வேலை. குடும்பம் குடியிருந்ததும் அந்தப் பூங்காவுக்குள்ளேதான். வீட்டு வாசலைத் தாண்டினாலே டென்னிஸ் கோர்ட். பையன் கையில் ராக்கெட் வந்தது இப்படித்தான்.

ஆனால், நகரத்தின் நல்ல கோர்ட்டுகள் எல்லாம் வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பினச் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்துவந்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சனிடம் ஆஷ் சேர்ந்தார். அவர் சொல்லிக் கொடுத்த விதி வித்தியாசமானது. பந்து கோட்டுக்கு வெளியே 2 அங்குலம் தள்ளி விழுந்தாலும் திருப்பி அடித்துவிட வேண்டும். நடுவரிடம் வாதாடவே கூடாது. கறுப்பின வீரன் சண்டைக்காரன் என்று சொல்லி வெளியே அனுப்ப யாருக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆஷின் அந்த அமைதி இங்கிருந்து வந்தது.

பட்டம் கிடைத்தது, பரிசுப் பணம் இல்லை

1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணிக்குத் தேர்வான முதல் கறுப்பின வீரர் ஆனார். 1968-ல் அமெரிக்க ஓபன் இறுதியில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை 5 செட்களில் வீழ்த்திப் பட்டம் வென்றார். அமெச்சூர் வீரர் என்பதால் பரிசுத்தொகை அவருக்குக் கிடைக்காது. தோற்ற ஓக்கர் 14,000 டாலர் வாங்கிப்போக, ஜெயித்த ஆஷுக்குக் கிடைத்தது தினப்படிதான்.

அந்த வெற்றியோடு உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே அவர் போய் நின்ற வாசல், தென்னாப்பிரிக்கா.

விசா மறுத்த நாடு

1948 முதல் நிறவெறியைச் சட்டமாகவே வைத்திருந்த நாடு அது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரோடு விளையாடலாம் என எல்லாமே தோல் நிறப்படி. 1964 ஒலிம்பிக்கிலேயே அந்த நாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அங்கு நடக்கும் தென்னாப்பிரிக்க ஓபனில் ஆட ஆஷ் விண்ணப்பித்தார். 1969-ல் மறுப்பு, 1970-லும் மறுப்பு. தன்னை உள்ளே விடாத நாட்டை டென்னிஸ் உலகம் வெளியேற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கினார்.

1973-ல் ஒருவழியாக விசா கிடைத்தது. ஆஷ் நிபந்தனைகள் போட்டார். மைதானத்தில் நிறம் பார்த்து இருக்கை பிரிக்கக் கூடாது. தன்னைக் கௌரவ வெள்ளையராக நடத்தக் கூடாது. விரும்பிய இடத்துக்குப் போகவும் நினைத்ததைப் பேசவும் தடை இருக்கக் கூடாது.

ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் ஒற்றையர் இறுதிப்போட்டி வரை போய் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். இரட்டையரில் பட்டம் அடித்தார். பார்ட்னர் யார் தெரியுமா? அதே டாம் ஓக்கர். சொவெட்டோவுக்குப் போய்ச் சிறுவர்களுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். வெள்ளையரோடு சமமாக நின்று ஆடும் கறுப்பினத்தவரை அங்கிருந்த பலர் நேரில் பார்த்தது அதுவே முதல்முறை.

எல்லோரும் கொண்டாடவில்லை. நீங்கள் வந்ததால் அரசுக்குத்தான் நல்ல பெயர் என்று அங்கிருந்த கறுப்பினத்தவர்களிலேயே ஒரு பகுதியினர் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

இந்தியா எடுத்த வேறு முடிவு

அடுத்த ஆண்டே இதே கேள்வி இந்தியாவுக்கும் வந்தது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி, 1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியைக் கண்டித்து ஆட மறுத்தது இந்தியா. மோதாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. கொடுத்த விலை சும்மா இல்லை!

மனம் மாறிய இடம்

1975-ல் விம்பிள்டன் இறுதியில் அதே கானர்ஸை வீழ்த்தி, அங்கு ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரர் ஆனார் ஆஷ். 1976 ஜூனில் சொவெட்டோவில் போராடிய மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. தென்னாப்பிரிக்காவில் சில கறுப்பின இளைஞர்களுக்கு டென்னிஸ் டிக்கெட் வாங்கப் போன ஆஷை, ஆப்பிரிக்கர்களுக்கென்று இருக்கும் கவுன்ட்டருக்குப் போகச் சொன்னார்கள். நிபந்தனையெல்லாம் போட்டு ஆடியும், டிக்கெட் கவுன்ட்டர்கூட மாறவில்லை.

1977-ல், அங்கே போய் ஆடியது தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, புறக்கணிப்பின் பக்கம் வந்தார். 1983-ல் பாடகர் ஹாரி பெலஃபான்டேவுடன் சேர்ந்து, நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் அமைப்பைத் தொடங்கினார். 1985 ஜனவரியில் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன் போராடிக் கைதானார். அப்போது அவர் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் கேப்டன்!

கடைசி நாட்கள்

மாரடைப்பால் ஆட்டத்தை விட்டவர் ஆஷ். இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தால் எச்ஐவி தொற்றியது 1988-ல் தெரியவந்தது. பத்திரிகை ஒன்று செய்தி வெளியிடத் தயாரானதால், 1992 ஏப்ரலில் அவரே உலகத்திடம் சொல்ல வேண்டியதானது. உடல் தளர்ந்த அந்த நிலையிலும், ஹைட்டி அகதிகளை அமெரிக்கா நடத்தும் விதத்தை எதிர்த்து செப்டம்பரில் வெள்ளை மாளிகை முன் நின்று மீண்டும் கைதானார். 1993 பிப்ரவரி 6-ல் காலமானார். வயது 49.

நிறவெறி ஆட்சி விழுந்து நெல்சன் மண்டேலா அதிபரானது 1994-ல். அதைப் பார்க்க ஆஷ் இல்லை.

அப்போ, போகலாமா கூடாதா? எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே பதிலை ஆஷின் வாழ்க்கை தரவில்லை. ஆனால், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. போட்டி நடத்தும் அரசிடம் கேட்டால் வாங்க என்றுதான் சொல்லும். அந்த மண்ணில் உரிமை பறிக்கப்பட்டவர்கள் 1973-லேயே ஆஷிடம் சொன்னார்கள். அதை ஏற்க அவருக்கு 4 ஆண்டுகள் ஆனது. ஏற்ற பிறகு அவர் பின்வாங்கவே இல்லை.