ஆனக்கரை தந்த தலைவி

நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஊர். அதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பாரதப்புழைக்கு அருகே, ஆனக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வடக்கத்து என்னும் நாயர் இல்லத்தில் 1894ஆம் ஆண்டு பிறந்தவர் அம்மு. பிற்காலத்தில் திண்டுக்கல் மக்கள் தம் முதல் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தவர் இவரே.

அக்காலத்தில் மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. நாயர் குடும்பங்களில் சொத்துரிமை தாய்வழியில் வந்தது. ஆயினும் குடும்பத்தை ஆளும் பொறுப்பு பெரும்பாலும் மூத்த ஆணாகிய காரணவரிடமே இருந்தது. சொத்து பெண்ணின் வழியில் வந்தமையால் பெண்ணுக்கு எல்லா உரிமையும் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. வடக்கத்து இல்லத்தின் ஆண்மக்கள் வெளியூர் சென்று கல்வி கற்றனர். கடைக்குட்டியாகிய அம்முவோ பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. வீட்டிலிருந்தே சிறிதளவு மலையாளம் கற்றார். தந்தை கோவிந்த மேனன் முன்னரே காலமானதால், தாய் அம்முக்குட்டியம்மாவே பெரிய குடும்பத்தைத் தாங்கினார்.

கோவிந்த மேனனிடம் இளமையில் உதவி பெற்றுப் படித்து உயர்ந்தவர் சுப்பராம சுவாமிநாதன் என்னும் தமிழர். சென்னையில் வழக்கறிஞராக விளங்கிய அவர், அம்முவை மணக்க விரும்பி ஆனக்கரைக்கு வந்தார். அம்முவுக்கோ அப்பொழுது பதின்மூன்று, பதினான்கு வயதுதான்; அவருக்கு அதைவிட இருபது வயதிற்கும் மேல் கூடுதல். அச்சிறுமி சில நிபந்தனைகளை முன்வைத்தார். சிற்றூரில் அன்றிச் சென்னையில் வாழவேண்டும்; ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியை ஒருவரை அமர்த்த வேண்டும்; வெளியே சென்றால் எப்பொழுது வீடு திரும்புவாய் என்று ஒருவரும் கேட்கலாகாது. தம் தமையன்மாரிடம் அக்கேள்வியை எவரும் கேட்டதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். சுவாமிநாதன் அனைத்தையும் ஏற்றார். சாதி கடந்த அத்திருமணத்தைச் சுற்றத்தார் பலர் விரும்பவில்லை.

பொதுவாழ்வுக்கு வரும் பெண்ணிடம் இன்றும் முதலில் கேட்கப்படுவது வீட்டைப் பற்றிய கேள்வியே. ஆண் தலைவர்களிடம் அவ்வாறு கேட்போர் அரிது. அம்மு அக்கேள்வியைத் தம் வாயிற்படியிலேயே தடுத்து நிறுத்தினார். எனினும் அதற்கு ஒருவருடைய இசைவும் வேண்டியிருந்தது. அத்தகைய கணவர் வாய்க்காத பெண் என் செய்வாள்? அவளுக்குச் சட்டமே துணையாக வேண்டும். அம்முவின் பிற்காலப் பணிகள் பலவும் இதனை நோக்கியே அமைந்தன.

1917ஆம் ஆண்டு சென்னையில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அம்முவும் பங்கேற்றார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என அச்சங்கம் போராடியது. 1921இல் சென்னை மாகாணம் அவ்வுரிமையை வழங்கியது. ஆனால் சொத்துத் தகுதி உடையோர்க்கு மட்டுமே அது கிட்டியது. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என வகுத்தது. ஏறத்தாழ அவ்வயதிலேயே மணமுடித்த அம்மு, குழந்தை மணத்தை எதிர்த்தவர்களுள் ஒருவராவார். தம் வீட்டிலும் அவர் வேற்றுமை பாராட்டவில்லை. மகள் லட்சுமி மருத்துவம் பயின்று, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். மற்றொரு மகள் மிருணாளினி நாட்டியத்தில் புகழ்பெற்றார்.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டமையால் அம்மு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். 1946இல் சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இடம்பெற்ற அச்சபையில் பெண்கள் 15 பேரே. பள்ளி வாயிலை மிதித்தறியாத அவர், அறிஞர் பலர் நிறைந்த அவையில் 1949 நவம்பரில் ஆங்கிலத்தில் உரையாற்றினார். பெண்களுக்குச் சம உரிமை அளிக்காத நாடு என்று வெளியார் கூறிய பழிக்கு இவ்வரசியலமைப்பு விடையளித்துவிட்டதாக மகிழ்ந்தார். கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய நூலாக அது இருக்கும் எனத் தாம் எண்ணியிருந்ததையும், அது பெருநூலாகிவிட்டதையும் குறிப்பிட்டார். 395 பிரிவுகள் கொண்ட நூலைப் பற்றிய இக்குறை நியாயமானதே!

1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் வென்று மக்களவைக்குச் சென்றார். 1960 முதல் 1965 வரை பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தமது 84ஆம் வயதில், அம்மு சுவாமிநாதன் மறைந்தார்.