தரை தொட்டாலும் காற்று விடாது: ஏமி ஜான்சன் கதை சொல்லும் பாடம்

ஜூன், ஜூலையில் மறைமலைநகரில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மதியத்துக்கு மேல் திசை மாறி மாமல்லபுரம் பக்கமிருந்து கடற்காற்றாக வரும். நமக்கு வெக்கை தணிந்தால் போதும். ஆனால், சின்ன விமானத்தைத் தரையிறக்கும் விமானிக்கு இப்படி மாறுகிற காற்றுதான் பெரிய தலைவலி. அந்தத் தலைவலியோடு தனியாளாகப் பாதி உலகைக் கடந்தவர் ஏமி ஜான்சன்.

யார் இவர்?

1903 ஜூலை 1-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வியாபாரி வீட்டில் பிறந்தவர். லண்டனில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1929-ல் விமானி உரிமம் வாங்கினார். அதுவரை அவர் பறந்த அதிகபட்ச தூரமே லண்டனிலிருந்து சொந்த ஊர் வரைக்கும்தான். அடுத்து அவர் கிளம்பியது ஆஸ்திரேலியாவுக்கு! 1930 மே 5-ல் 'ஜேசன்' என்ற ஜிப்சி மாத் விமானத்தில் புறப்பட்டார்.

பாலைவனத்தில் என்ன நடந்தது?

பாக்தாத் போகும் வழியில் மணல் புயல். வேறு வழியில்லாமல் பாலைவனத்தில் இறங்கினார். இறங்கியாச்சு, ஆனால் ஆபத்து தீரலை. நின்ற விமானத்தையே காற்று தள்ளியது. பெட்டி, சாமான்களைச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, புயல் தணியும் வரை காவல் இருந்தார். பிறகு பாக்தாத்தில் இறங்கியபோது சக்கரத்தைத் தாங்கும் கம்பி உடைந்தது.

காற்று ஏன் இப்படி ஆட்டுகிறது?

இறக்கையின் தூக்குவிசை, எதிரே வரும் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், தூக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சின்ன விமானம் மெதுவாக இறங்குவதால், எதிர்க்காற்று சட்டென்று நின்றால் பொத்தென்று விழும். பக்கவாட்டில் அடித்தால் ஒரு இறக்கை எழும்பும். வாலைத் தள்ளி விமானத்தையே திருப்பிவிடும்.

இந்தியா வழியாக

ஏமியின் எல்லா விபத்துக்கும் காற்றைக் குறை சொல்ல முடியாது. எரிபொருள் குறைந்து ஜான்சி ராணுவ மைதானத்தில் இறங்கியபோது இறக்கை சேதமானது. ரங்கூன் அருகே இன்சீனில், மழைக்கு நடுவே இறங்கிப் பள்ளத்தில் சிக்கினார். அங்கிருந்த தொழில்நுட்பப் பள்ளியினர் விமானத்தைச் சரிசெய்து கொடுத்தார்கள். மே 24-ல் டார்வின் சேர்ந்து, ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் ஆனார். சில நாளில் பிரிஸ்பேனில் இறங்கும்போது ஜேசன் குப்புறக் கவிழ்ந்தது, அவர் தப்பினார்.

1941 ஜனவரி 5-ல் போர்க்கால விமானம் ஒன்றை ஓட்டிச் சென்றபோது, மோசமான வானிலையில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை. ஜேசன் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று என்ன செய்கிறார்கள்?

காற்று 20 நாட், இடையிடையே 30 நாட் வரை எகிறுகிறது என்றால், வித்தியாசத்தில் பாதியை, அதாவது 5 நாட்டை, இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்வது வழக்கம். சக்கரம் தொட்ட பிறகும் விமானம் நிற்கும் வரை கைப்பிடியைத் தளர்த்தக் கூடாது. நிறுத்தியதும் கயிற்றால் கட்டிவிட வேண்டும். இறங்கும்போது ஆட்டம் அதிகமானால் மறுபடி மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.