பிடியரிசி வளர்த்த கல்வி

நுழையும்முன்

பள்ளியின் கதவு எல்லாருக்கும் பொதுவாகத் திறந்திருந்தாலும், பசித்த வயிற்றோடு வரும் குழந்தையால் அங்கு நிலைத்துப் பயில இயலாது. ஒவ்வொருவர்க்கும் உள்ள தடையை அறிந்து நீக்குவதே சமநீதி. அதனைத் தம் பட்டறிவால் உணர்ந்து ஆட்சியில் செயற்படுத்திய காமராசரின் வாழ்வை அறிவோம்.

இடைநின்ற படிப்பு

விருதுப்பட்டி என வழங்கிய விருதுநகரில், 1903 ஆம் ஆண்டு சூலை 15 ஆம் நாள் குமாரசாமி – சிவகாமி அம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார் காமராசர். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, ஊரார் வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசியைத் துணையாகக் கொண்டு வளர்ந்த பள்ளியாகும். சமைக்க எடுத்த அரிசியில் ஒரு பிடி, பிறர் பிள்ளையின் எழுத்தறிவுக்கு உதவியது.

ஆறு வயதில் காமராசர் தந்தையை இழந்தார். ஊரார் பேணிய பள்ளி அருகிலேயே இருந்தும், வீட்டின் வறுமை அவரை அதனின்று பிரித்தது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, 1930 இல் உப்பு அறப்போரில் சிறை சென்றார். சிறைவாசங்களில் நூல்களைப் படித்துத் தம் அறிவைத் தாமே வளர்த்துக்கொண்டார்.

தடைகளை நீக்கிய ஆட்சி

1954 ஏப்ரல் 13 அன்று அவர் முதலமைச்சரானார். தொடக்கப் பள்ளியில் அரைநாள் பாடமும், எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலும் பயிலவேண்டும் என்னும் 1953 ஆம் ஆண்டுத் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. கைத்தொழில் அறிவு வேண்டற்பாலதே. ஆயின், யார் எத்தொழிலைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவுசெய்தல் தகாது என்பதே எதிர்த்தோர் கருத்தின் சாரமாகும்.

சிற்றூர்களில் பள்ளிகள் பெருகின. எட்டயபுரத்தில் 1956 இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இப்பணியில் துணைநின்றார். மக்களின் நன்கொடையோடு அரசின் நிதியும் சேர்ந்தது. பிடியரிசியின் அறம் மாநிலத்தின் திட்டமாயிற்று. பந்தியில் அருகருகே அமர்ந்து உண்ணும் பழக்கமும், ஒரே நிறச் சீருடையும் ஏட்டில் இல்லாத பாடத்தைக் கற்பித்தன. ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பப் பிள்ளைகள் 1960 முதல் உயர்நிலைக் கல்வியைக் கட்டணமின்றிப் பெற்றனர்.

தொடரும் கடமை

காமராசர் 1957 இலும் 1962 இலும் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மழை குறைந்த அக்கரிசல் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறிட்டன. ஆயினும், அவருடைய காலத்திற்குப் பின்னரும் சிறுவர் பலர் பள்ளிக்குச் செல்லாமல் தீக்குச்சி அடுக்கினர். சிவகாசிச் சிறார் உழைப்புப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல், சிறாரைப் பணியமர்த்துவோர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நலநிதி செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பள்ளி அருகிலிருந்தால் மட்டும் போதாது, குழந்தையின் கூலியை நம்பியிருக்கும் வீட்டின் வறுமையும் நீங்கவேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. துணிக்கடைச் சிறுவனாய் நின்ற காமராசரின் இளமையும் இதற்குச் சான்றாகும்.

1975 அக்டோபர் 2 அன்று காமராசர் மறைந்தார். அவர் பிறந்தநாளைத் தமிழ்நாடு கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறது. வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாக இருப்பின், அதற்குரியவர் ஏன் வரவில்லை எனக் கேட்டறிந்து, இயன்றதைச் செய்வது அந்நாளுக்குப் பொருத்தமான செயலாகும்.