கோவாத் தோட்டத்துச் சக்கரவர்த்தி

அதிரியாத்திக் கடலோரத்தில் மதில் சூழ்ந்த பழைய நகரங்கள் பல உள்ளன. துப்ரோவ்னிக், கோட்டோர், திரோகிர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றின் மதில்கள் ஊரைக் காப்பதற்காக எழுந்தவை. குரோசியாவிலுள்ள ஸ்பிளிட் நகரத்தின் கதை வேறு. அங்கே பழைய நகரைச் சுற்றி நிற்கும் மதில் ஒரு தனிமனிதர் ஓய்வாக வாழ்வதற்காகக் கட்டப்பட்டது. அவர்தான் உரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீசியன்.

ஏறத்தாழ கி.பி. 244 இல், அதே கரையோரமான தல்மேசியாவில், மிகச் சாதாரண குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஒரு செனற்றரின் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்றும் சொல்லப்படுகின்றது. இளமையில் அவர் பெயர் டயோக்கிள்ஸ். படையிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 284 இல் சக்கரவர்த்தி நியூமேரியன் மர்மமாக இறந்து கிடந்தபோது படைவீரர் இவரைத் தெரிவு செய்தனர். அன்றே, கொலைக்குக் காரணமானவன் என்று கூறி, ஏப்பர் என்ற தளபதியை எல்லோர் முன்னிலையிலும் தம் கையாலேயே வெட்டிக் கொன்றார். அது நீதியா, அல்லது ஒரு வாயை மூடிய அவசரமா? எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் அரியணை ஏறியிருந்தனர். பெரும்பாலானோர் கொல்லப்பட்டனர். ஒருவரால் இவ்வளவு பெரிய நாட்டை ஆள முடியாது என்பதை உணர்ந்த டயோக்ளீசியன், முதலில் மக்சிமியனைத் துணையாக்கி, 293 இல் மேலும் இருவரைச் சேர்த்து ஆட்சியை நால்வரிடம் பகிர்ந்தார். அந்த இருவரில் ஒருவர் கலேரியஸ். தம் ஒரே மகள் வலேரியாவை அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார்.

301 இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்தார். எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 50 தெனாரி; பேச்சுக்கலை கற்பிப்பவருக்கு 250. மீறினால் மரணம். பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன. விலைக்கட்டுப்பாடு வந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

303 இல் கிறிஸ்தவர்கள் மீது அடக்குமுறை தொடங்கியது. தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, வேதப் பிரதிகள் எரிக்கப்பட்டன, பலர் உயிரிழந்தனர். இவருடைய வாழ்க்கையில் எந்த விளக்கத்தாலும் கழுவ முடியாத கறை இது.

கடும் நோயிலிருந்து எழுந்தபின், 305 மே 1 ஆம் திகதி நிக்கொமீடியாவில் படையினர் முன் தம் அங்கியைக் கழற்றினார். தாமாகவே பதவி துறந்த முதல் உரோமச் சக்கரவர்த்தி அவரே. ஸ்பிளிட்டில் மாளிகை காத்திருந்தது. பக்கத்துத் தீவான பிராச்சின் வெண்கல், எகிப்தின் தூண்கள், பதினாறு கோபுரங்கள், நான்கு வாயில்கள். தெற்கு மதிலைக் கடல் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே அவர் கோவா பயிரிட்டார். 308 இல் மீண்டும் ஆட்சிக்கு வருமாறு அழைத்தபோது, தம் கையால் வளர்த்த கோவாவைப் பார்த்தால் இப்படிக் கேட்கவே மாட்டீர்கள் என்ற பொருளில் மறுத்துவிட்டார் என்பர்.

இந்த இடம்வரை படித்து எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. பிறகுதான் வலேரியாவின் கதை வந்தது.

311 இல் கலேரியஸ் இறந்தார். இன்னொரு ஆட்சியாளரான மக்சிமினஸ் தாயா, தன் மனைவியை விலக்கிவிட்டு வலேரியாவை மணக்க விரும்பினான். துக்கம்கூட முடியாத அந்தப் பெண் மறுத்தாள். சொத்துகளைப் பறித்து, தாய் பிரிஸ்காவோடு அவளைச் சிரியாவுக்கு நாடு கடத்தினான். மகளை அனுப்பிவிடும்படி டயோக்ளீசியன் மீண்டும் மீண்டும் தூதனுப்பினார். ஒருகாலத்தில் அவர் விரலசைத்தால் படைகள் நகர்ந்தன. இப்போது கடிதத்துக்குக்கூட மதிப்பில்லை. தாம் உருவாக்கிய அதிகார அமைப்பிலேயே, தம் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேட அவரால் முடியவில்லை. சில காலத்தில், மகளைக் காணாமலே அந்த மாளிகையில் இறந்தார்.

தாயும் மகளும் பதினைந்து மாதம் ஏழைப் பெண்களின் உடையில் ஊர் ஊராக ஒளிந்து திரிந்தனர். இறுதியில் தெசலோனிக்காவில் பிடிபட்டு, லிசினியஸின் ஆணையால் சிரச்சேதம் செய்யப்பட்டனர். உடல்கள் கடலில் வீசப்பட்டன.

ஏழாம் நூற்றாண்டில் அண்டை நகரான சலோனா அழிந்தபோது, உயிர் தப்பியோர் ஆளற்ற மாளிகைக்குள் அடைக்கலம் புகுந்தனர். அறைகள் வீடுகளாயின, நடைகள் தெருக்களாயின. இன்றும் மதிலுக்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. அவருடைய எண்கோணக் கல்லறை மண்டபம் தேவாலயமாகியது. அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட சலோனா ஆயர் தொம்னியஸின் பெயரே அதற்கு இடப்பட்டது. டயோக்ளீசியனின் உடல் எங்கே போனது என்பது எவருக்கும் தெரியாது.

மண்டபத்தின் உட்சுவரில், உயரத்தில், இரு முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்று அவர், மற்றையது பிரிஸ்கா என்று கருதுகின்றனர். படங்களில் வலேரியாவின் முகத்தையும் தேடினேன். அங்கே இல்லை.