தாவரநூற் பேராசிரியர் லின்னேயஸ்

சுவீடன் நாட்டின் தென்பகுதியிலுள்ள ராசுல்ட் என்னும் சிற்றூரில் 1707 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் கார்ல் லின்னேயஸ் பிறந்தார். தந்தையார் நீல்ஸ் திருச்சபைக் குரு. தோட்டக்கலையில் தீராக் காதலுடையவர். அந்நாட்டுக் குடியானவர் அக்காலத்தில், நம்மவரைப் போலவே, தந்தை பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கினரேயன்றிக் குடிப்பெயர் கொண்டிலர். நீல்ஸ் பல்கலைக்கழகம் புக்கபோது குடிப்பெயர் ஒன்று வேண்டியிருந்தது. தம் குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைந்து லின்னேயஸ் என்று அமைத்துக்கொண்டார். செடிகொடிகளுக்கெல்லாம் பெயரிடப் போகின்ற மகனார்க்குக் குடிப்பெயர் இங்ஙனம் வாய்த்தமை வியப்பன்றோ!

அவர் லுண்டிலும் உப்சாலாவிலும் கற்றதும், 1732 இல் லாப்லாந்து சென்றதும், 1741 இல் உப்சாலாவிற் பேராசிரியரானதும் விரிப்பிற் பெருகும்.

அந்நாளைய செடிப்பெயர்கள் உண்மையிற் பெயர்களல்ல, வருணனைகள். சொடக்குத் தக்காளி இனத்துச் செடி ஒன்றன் பெயர், ஓராண்டு வாழ்வது, மிகக் கிளைப்பது, கிளைகள் கோணமுடையன, மயிரற்றன, இலைவிளிம்பு பல்லுடையது என்றவாறு நீண்டு கிடந்தது. அதனையொத்த புதுச்செடி ஒன்று அகப்படின், வேறுபாடு காட்டப் பழைய பெயர் இன்னும் நீளும். 1753 இல் லின்னேயஸ் ஏறத்தாழ 5,900 வகைகளுக்கு இருசொற் பெயர் வழங்கினார். சுட்டுதல் பெயரின் தொழில், விளக்குதல் வருணனையின் தொழில் எனப் பிரித்ததே அவர்தம் பெருஞ்செயல் என்பேன்.

உலர்த்திய செடிகளை நூலாகத் தைத்துக் கட்டுதல் பலர் வழக்கம். இவரோ தாளுக்கு ஒரு செடியாக ஒட்டித் தைக்காமலே பேழையில் அடுக்கினார். இடையிற் செருகலாம், வரிசை மாற்றலாம். இன்றைய கணினி அட்டவணையின் ஒவ்வொரு வரியும் அத்தகைய தனித்தாளே.

நிற்க. அவர் மாணாக்கர் கோனிக் என்பார் 1768 இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராய் வந்து, தமிழகச் செடிகளை ஆசிரியர்க்கு அனுப்பினார். அவர் நினைவாக லின்னேயஸ் 1771 இல் நம் கறிவேப்பிலைக்குப் பெர்கேரா கோனிகி என்று பெயரிட்டார். 1825 இல் ஸ்பிரெங்கல் அதனை முர்ராயா கோனிகி ஆக்கினார். இக்கால ஆராய்ச்சியாளர் பலர் மீண்டும் பெர்கேரா என்கின்றனர். செடி மாறவில்லை, பெயரே மாறிற்று. இருசொற் பெயரின் முதற்சொல் பேரினத்தைக் குறிப்பது. பேரினம் பற்றிய கருத்து மாறின், பெயரும் உடன் மாறும். வருணனையை வெளியேற்றிய பெரியார் வகைப்பாட்டைப் பெயருள்ளேயே விட்டுவைத்தார்.

1895 இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி நிறுவிய இயேசு சபையார் பழனிமலைச் செடிகளைத் திரட்டி உலர்த்தினர். அத்தகைய தொகுதியொன்றைக் கணினித் தரவுத்தளத்தில் ஏற்றுவார்க்கு மேற்கூறிய வரலாறு கைவிளக்காம். செடிப்பெயரை முதன்மைத் திறவாகக் கொள்ளின், பெயர் மாறுந்தோறும் அதனைச் சுட்டும் அட்டவணைகளெல்லாம் திருத்தம் வேண்டும். மேலும், ஒரே செடிக்குத் தாள்கள் பல உளவாதலின், பெயர் ஒரு தாளைத் தனித்துக் காட்டவும் மாட்டாது. ஆதலின் தாளுக்குப் பொருளற்ற எண் ஒன்றே திறவாதல் வேண்டும். திரட்டியவர் ஓர் அட்டவணை, இடம் ஓர் அட்டவணை, பெயர் ஓர் அட்டவணை. தாளட்டவணை அவற்றின் எண்களை மட்டும் தாங்கும். ஒரு தாள் காலந்தோறும் பல பெயர் பெறுமாகலின், தாளெண், பெயரெண், தீர்மானித்தவர், ஆண்டு என்னும் இவற்றை இணைக்கும் அட்டவணை ஒன்றும் வேண்டும். உலர்செடிச்சாலைகளிற் பழைய பெயர்ச்சீட்டைக் கிழியாது புதியதை அருகே ஒட்டுவதும் இதுவே.

லின்னேயஸ் 1778 ஜனவரி 10 இல் மறைந்தார். மகனாரும் 1783 இல் இறக்கவே, மனைவியார் தொகுதியை ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் ஆங்கில இளைஞர்க்கு விற்றார். அது லண்டன் லின்னேயன் கழகத்தில் இன்றும் உள்ளது. பெயர் பல மாறிய அத்தாள்களை ஆராய்ச்சியாளர் இப்போது எண்ணிட்டே குறிக்கின்றனர்.